பத்திரப் பெட்டியும் பழைய ஸ்கேனரும்... செத்தது மெஷினா, டிரைவரா?

காரைக்காலில் இருந்து பொறையாறு, தரங்கம்பாடி பக்கம் போகும் சாலையில் இருக்கிறது கோட்டுச்சேரி. அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் தாத்தா காலத்து நிலப் பத்திரம், பிரெஞ்சில் எழுதிய பிறப்புப் பதிவு நகல், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் பென்ஷன் கடிதங்கள், மஞ்சள் பூத்த கல்யாணப் போட்டோ.

பெட்டியைத் திறந்து பார்த்த அப்பாயி பேரனைக் கூப்பிடுகிறார். "ஏம்ப்பா, இதையெல்லாம் அந்த கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிடேன். பூச்சி அரிச்சிட்டா அப்புறம் யாருகிட்ட போய்க் கேக்குறது?"

பேரனும் கிளம்புகிறான். மூடப்போகிற ஒரு ஜெராக்ஸ் கடையில் பழைய தட்டை ஸ்கேனர் சல்லிசாகக் கிடைக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து லேப்டாப்பில் சொருகுகிறான். ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனியின் இணையதளத்தில் தேடினால், அந்த மாடலுக்கான டிரைவர் என்றைக்கோ நின்றுபோன விண்டோஸ் பதிப்போடு முடிந்துவிட்டது. "பழசு அப்பாயி, இது ஆகாது" என்கிறான். பெட்டி இருந்த பரணில் இப்போது ஸ்கேனரும் சேர்ந்துகொள்கிறது.

வீடு கற்பனைதான். பிரச்னை நிஜம். பெரும்பாலும் அந்த ஸ்கேனரின் விளக்கு எரியும், மோட்டார் ஓடும், கண்ணாடியில் கீறல்கூட இருக்காது. செத்துப்போனது மெஷின் இல்லை, அதன் டிரைவர். அந்த டிரைவரை வேறு இடத்திலிருந்து கொண்டுவர முடியும், அதுவும் பைசா செலவில்லாமல்!

துபாஷி வராவிட்டால் பேச்சு நின்றுவிடும்

புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு டிரைவர் என்றால் என்னவென்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது ஒரு துபாஷி. கவர்னர் தூப்ளேக்குத் தமிழ் தெரியாது, ஊர் வியாபாரிகளுக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தார், காரியம் நடந்தது. கம்ப்யூட்டருக்கும் ஸ்கேனருக்கும் நடுவில் டிரைவர் செய்வது இதே வேலைதான். 'விளக்கைப் போடு, சென்சாரை இத்தனை தூரம் நகர்த்து, பார்த்ததை அனுப்பு' என்று கம்ப்யூட்டர் சொல்வதை ஸ்கேனரின் பாஷையில் மாற்றிச் சொல்கிறது.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பாஷை உண்டு. அதைப் பல கம்பெனிகள் வெளியே சொல்வதில்லை. விண்டோஸ் மாறினால் துபாஷியையும் புதிதாக எழுத வேண்டும். விற்று முடிந்த மாடலுக்காக அந்தச் செலவைச் செய்ய கம்பெனிக்கு ஆர்வம் இருக்காது. 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. அந்த மாற்றம் வந்தபோது பல ஸ்கேனர்கள் ஒரே நாளில் ஊமையாகிப்போனது இதனால்தான்.

இந்த எரிச்சலுக்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1980-ஐ ஒட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஒரு புது லேசர் பிரின்டர் வந்தது. பழைய பிரின்டரில் பேப்பர் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதிலும் அதையே செய்ய நினைத்தார். ஆனால், அதன் மூல நிரல் அவருக்குத் தரப்படவில்லை. இப்படிப்பட்ட அனுபவங்கள் சேர்ந்துதான் 1983 செப்டம்பரில் 'க்னூ' திட்டத்தை அவர் அறிவித்தார். 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கெர்னல் அதோடு சேர்ந்தது. இன்று உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் என்று பல பெயர்களில் இலவசமாகக் கிடைப்பவை எல்லாம் அந்த வழியில் வந்தவை.

ஸ்கேனர்களுக்கென்று 1990-களின் நடுவில் தனியாக ஒரு முயற்சி தொடங்கியது. அதன் பெயர் 'சேன்'. 'ஸ்கேனர் ஆக்சஸ் நவ் ஈஸி' என்பதன் சுருக்கம். தன்னார்வலர்கள் ஸ்கேனர் பேசுவதை ஒட்டுக்கேட்டு, எந்தக் கட்டளைக்கு எது நடக்கிறது என்று கவனித்து, ஒவ்வொரு பாஷையாகப் படித்து எழுதிவைத்தார்கள். சில கம்பெனிகள் தாங்களே தகவல் கொடுத்தன. எழுதியது எல்லாம் பொதுவில் இருப்பதால், எழுதியவர் ஒதுங்கிவிட்டாலும் அடுத்தவர் எடுத்துச் செய்யலாம். கேனான் லைட் 70 என்ற மாடல் வெகுகாலம் 'ஆதரவு இல்லை' பட்டியலில்தான் கிடந்தது. 2019-ல் வந்த 'சேன்' பதிப்பில் அதற்கும் ஒரு துபாஷி வந்து சேர்ந்தார். கம்பெனி கைவிட்ட பிறகும் இங்கே டிரைவர் பிறக்கும்.

லினக்ஸ் என்றால் பயமா?

பயப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் 11-ம் வகுப்புக் கணினிப் புத்தகத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டு பாடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து 'பாஸ்' லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அப்போது அதை யாரும் திறந்துகூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம். இப்போது அதற்கு நேரம் வந்துவிட்டது.

காரணம், விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய லேப்டாப்புகள் பலவற்றில் முறைப்படி ஏறாது. ஆக, வீட்டில் இரண்டு பொருள்கள் சும்மா கிடக்கின்றன. ஒன்று பழைய லேப்டாப், இன்னொன்று பழைய ஸ்கேனர். லினக்ஸில் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகிவிடும். லினக்ஸ் மின்ட்டின் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்புக்கு 4 ஜிபி ரேம் இருந்தால் தாராளம்.

வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

செகண்ட் ஹேண்ட் ஸ்கேனரில் ஏமாறாமல் இருக்க, காசு கொடுப்பதற்கு முன்பே ஐந்து விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

1. மாடல் எண்: ஸ்கேனரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 'சேன்' திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் அந்த எண்ணைத் தேடுங்கள். 'கம்ப்ளீட்' அல்லது 'குட்' என்று இருந்தால் நம்பி வாங்கலாம். 'மினிமல்', 'அன்டெஸ்டட்' என்றால் யோசியுங்கள். 'அன்சப்போர்ட்டட்' என்றால் வேண்டாம். கேனான் லைட் வரிசையில் 20, 25, 30, 110, 210 போன்றவை நன்கு பழகிய மாடல்கள்.

2. வயர்: பின்பக்கம் யூஎஸ்பி இருக்கிறதா என்று பாருங்கள். அகலமான 25 பின் பேரலல் போர்ட் மட்டும் இருக்கும் ஸ்கேனர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தலைவலி. தனி அடாப்டர் தேவைப்படும் மாடல் என்றால் அந்த அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள். வோல்ட் மாறிய அடாப்டரைப் போட்டால் போர்டு போய்விடும்.

3. பூட்டு: பல தட்டை ஸ்கேனர்களில் உள்ளே இருக்கும் சென்சார் ஆடாமலிருக்க, அடியில் அல்லது பக்கத்தில் ஒரு பூட்டு சுவிட்ச் இருக்கும். அதைத் திறக்காமல் ஓட்டினால் 'கடகட' என்று சத்தம் வரும். மெஷின் போச்சு என்று பலர் விற்றுவிடுவது இதனால்தான். உங்களுக்கு அது லாபம்!

4. கண்ணாடி: கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் பூஞ்சையாகப் படியும். மேல்பக்க அழுக்கைத் துடைத்துவிடலாம். அடிப்பக்கம் என்றால் கழற்ற வேண்டும். செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

5. சென்சார் வகை: லேசாக, ஒல்லியாக, யூஎஸ்பி வயரிலேயே கரன்ட் எடுத்து ஓடுபவை பெரும்பாலும் 'சிஐஎஸ்' வகை. கண்ணாடியில் ஒட்டிப் படுக்கும் தாளுக்கு இவை போதும். ஆனால், அரை சென்டிமீட்டர் தூக்கி நின்றாலே எழுத்து மங்கிவிடும். கனமான, தடிமனான 'சிசிடி' வகை, மடிப்பும் சுருக்கமும் உள்ள பழைய பத்திரத்தையும் தைத்த புத்தகத்தையும் ஓரளவு நன்றாகவே எடுக்கும். பழைய பேப்பர்தான் உங்கள் வேலை என்றால், இடம் அடைத்தாலும் 'சிசிடி' நல்லது.

கடையிலேயே ஓட்டிப் பார்க்கவும் வழி இருக்கிறது. 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். 'ரூஃபஸ்', 'பலேனா எச்சர்' போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்துகொடுக்கும். லேப்டாப்பை அந்தப் பென்டிரைவில் இருந்து ஸ்டார்ட் செய்தால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே லினக்ஸ் திறக்கும். ஸ்கேனரைச் சொருகி, மெனுவில் 'டாக்குமென்ட் ஸ்கேனர்' என்பதைத் திறந்து, ஒரு பக்கம் ஸ்கேன் செய்து பாருங்கள். பக்கம் வந்தால் வாங்குங்கள்.

பிடித்துப்போய் லேப்டாப்பில் நிரந்தரமாக நிறுவும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்ற தேர்வைத் தொடுவதற்கு முன், உள்ளே இருக்கும் போட்டோ, ஃபைல் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சொருகியும் வரவில்லையா? வரிசையாகப் பாருங்கள்

நன்கு பழகிய மாடல்களுக்கு எந்த சிடியும் வேண்டாம், எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். சொருகினால் போதும். அப்படி வராவிட்டால், எந்த இடத்தில் பேச்சு நிற்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் பார்க்கிறதா? டெர்மினலைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சின்ன எழுத்தில் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். சொருகியிருக்கும் யூஎஸ்பி பொருள்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாகமாக ஒரு அடையாள எண் இருக்கும். முதல் பாகம் கம்பெனி. கேனான் என்றால் 04ஏ9, எப்சன் என்றால் 04பி8, எச்பி என்றால் 03எஃப்0. பட்டியலில் ஸ்கேனரே இல்லையென்றால் கோளாறு டிரைவரில் இல்லை. வயரையோ அடாப்டரையோ மாற்றிப் பாருங்கள்.

'சேன்' பார்க்கிறதா? அடுத்து 'ஸ்கேன்இமேஜ்' என்ற கட்டளை. அதை ஒரே சொல்லாகச் சின்ன எழுத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சின்னக் கோடும் பெரிய 'எல்' எழுத்தும் சேருங்கள். ஸ்கேனரின் பெயரும், எந்த டிரைவர் அதற்குப் பேசுகிறது என்பதும் வரும். லைட் 110 என்றால் 'ஜெனிசிஸ்', லைட் 25 என்றால் 'பிளஸ்டெக்' என்று காட்டும். கட்டளையே இல்லை என்று சொன்னால், சாஃப்ட்வேர் மேனேஜரில் 'சேன் யூடில்ஸ்' என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.

அனுமதி இருக்கிறதா? அதே கட்டளைக்கு முன்னால் 'சுடோ' சேர்த்தால் ஸ்கேனர் தெரிகிறது, சேர்க்காவிட்டால் தெரியவில்லை என்றால் சிக்கல் அனுமதியில்தான். மின்ட்டில் 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' பகுதிக்குப் போய் உங்கள் பெயரை 'ஸ்கேனர்' குழுவில் சேருங்கள். லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள்.

ஃபர்ம்வேர் கேட்கிறதா? சில மாடல்களுக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர் ஒரு சின்ன ஃபைலை அனுப்பினால்தான் விழித்துக்கொள்ளும். முஸ்டெக் பேர்பா வரிசையில் இது உண்டு. அந்த ஃபைல் கம்பெனியின் சொத்து என்பதால் லினக்ஸோடு சேர்த்துத் தருவதில்லை. ஸ்கேனரோடு வந்த பழைய சிடியில் இருந்து எடுத்து, உரிய ஃபோல்டரில் வைக்க வேண்டும். அதனால் செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது சிடி இருக்கிறதா என்று கேளுங்கள். எச்பி மாடல்கள் சிலவற்றுக்கு 'எச்பிலிப்' என்ற தொகுப்போடு ஒரு கூடுதல் பிளக்இன் தேவைப்படும்.

பாதியில் நிற்கிறதா? பழைய ஸ்கேனர்கள் சில, புது யூஎஸ்பி 3 போர்ட்டோடு ஒத்துப்போகாமல் முதல் பக்கம் எடுத்து இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். யூஎஸ்பி 2 போர்ட்டில் மாற்றுங்கள். அது இல்லாவிட்டால் நடுவில் ஒரு யூஎஸ்பி 2 ஹப் போட்டுப் பாருங்கள்.

பிரின்டரோடு சேர்ந்த ஆல்-இன்-ஒன் மெஷின் என்றால், சில வருடங்களுக்குள் வந்த பல மாடல்கள் தனி டிரைவரே இல்லாமல் 'ஏர்ஸ்கேன்' முறையில் லினக்ஸோடு பேசிவிடும்.

இத்தனைக்கும் பிறகும் சில மாடல்கள் வேலை செய்யாது. அதனால்தான் வாங்கும் முன்பே பட்டியலைப் பார்க்கச் சொல்வது.

பத்திரத்துக்குத் தனி கவனம்

ஸ்கேனர் ஓடத் தொடங்கியதும் அவசரப்பட்டுப் பெட்டியைக் கொட்டிவிடாதீர்கள்.

'டாக்குமென்ட் ஸ்கேனர்' மென்பொருளில் 'டெக்ஸ்ட்', 'இமேஜ்' என்று இரண்டு முறைகள் இருக்கும். பத்திரம் எழுத்துதானே என்று 'டெக்ஸ்ட்' போட்டால் வண்ணம் போய்விடும், தெளிவும் குறையும். முத்திரையின் சிவப்பு, மையின் நீலம், கைநாட்டின் கோடுகள் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். பழைய ஆவணம் என்றால் எப்போதும் 'இமேஜ்' முறைதான். அளவு 300 டிபிஐ. பொடி எழுத்துக்கும் சின்ன போட்டோவுக்கும் 600. ஒரு ஏ4 தாளை 300 டிபிஐ-யில் வண்ணத்தில் எடுத்தால் 2480-க்கு 3508 புள்ளிகள், சுருக்காமல் வைத்தால் சுமார் 26 எம்பி. 600 என்றால் அது நான்கு மடங்கு. அதனால் எல்லாவற்றையும் 600-ல் எடுக்க வேண்டியதில்லை.

முத்திரைத்தாள் ஏ4-ஐ விட நீளம். லீகல் அளவு 35.6 சென்டிமீட்டர், சாதாரண ஸ்கேனரின் கண்ணாடியோ 29.7 தான். கீழே இருக்கும் கையெழுத்து விட்டுப்போய்விடும். மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு முறை எடுங்கள். நடுவில் நான்கைந்து வரிகள் இரண்டிலும் வரட்டும். தாளின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். முத்திரைத்தாள் விற்றவரின் குறிப்பும் பதிவு எண்ணும் பல நேரங்களில் அங்கேதான் இருக்கும்.

குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் மெதுவாகக் கழற்றுங்கள். மடிப்பை நீக்க அயர்ன் பண்ணாதீர்கள், கனமான புத்தகத்துக்கு அடியில் ஓரிரு நாள் வைத்தால் போதும். கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டாம். சில வருடத்தில் பசை பழுத்து எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும். லேமினேஷனும் கூடாது, ஒட்டினால் பிரிக்க முடியாது. தாளைத் தானாக இழுக்கும் ஃபீடரில் பழைய பேப்பரைப் போடவே போடாதீர்கள்.

'செல்போனில் போட்டோ எடுத்தால் ஆகாதா?' என்றால், அவசரத்துக்கு ஆகும். ஆனால், ஓரம் வளையும், கை நிழல் விழும். இன்னொன்றும் உண்டு. சொத்துப் பத்திரத்தை முன்பின் தெரியாத ஆப் வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்புவது நல்லதல்ல. 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில், ஊர் முழுக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்த 'கேம்ஸ்கேனர்' ஒன்று. வீட்டு ஸ்கேனரில் எடுப்பது வீட்டைவிட்டு வெளியே போகாது.

அச்சடித்த தமிழ்ப் பக்கங்களைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்ற 'டெசராக்ட்' இருக்கிறது. எச்பி ஆய்வகத்தில் பிறந்து, 2005-ல் பொதுவில் விடப்பட்ட நிரல் இது. தமிழுக்குத் தனித் தொகுப்பு உண்டு. 'ஜிஇமேஜ் ரீடர்' வழியாக மவுஸிலேயே இயக்கலாம். பழைய கையெழுத்துப் பத்திரத்தை மட்டும் இதனிடம் கொடுக்காதீர்கள், தப்பும் தவறுமாகப் படிக்கும்.

காரைக்காலுக்கு இது ஏன் அவசரம்?

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்தது. 'கொம்யூன்' என்ற பிரெஞ்சுச் சொல் இன்றைக்கும் கோட்டுச்சேரி பஞ்சாயத்தின் பெயரில் இருக்கிறது. வீட்டுப் பெட்டிகளிலும் அந்தக் காலம் காகிதமாக மிச்சமிருக்கிறது. பாகப் பிரிவினைக்கும், பிரெஞ்சுக் குடியுரிமை தொடர்பான விண்ணப்பத்துக்கும், பென்ஷனுக்கும், ஒரு பெயரின் எழுத்துக்கூட்டல் சரியா என்று நிரூபிக்கவும் இந்தத் தாள்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

தாளுக்கோ ஆயுள் குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா வீடுகளின் சுவரே வேர்க்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி காரைக்கால் கடலோர மீனவ கிராமங்களையும் அடித்தது. உயிர் தப்பிய குடும்பங்கள் ரேஷன் கார்டு முதல் பள்ளிச் சான்றிதழ் வரை நகல் வாங்க அலைந்த அலைச்சல், அந்தக் கரையில் இருப்பவர்களுக்கு மறந்திருக்காது.

ஸ்கேன் எடுத்துவிட்டால் ஒரிஜினல் தேவையில்லை என்று அர்த்தமில்லை. சட்டத்தின் முன் ஒரிஜினல் ஒரிஜினல்தான். ஆனால் ஒரிஜினல் போய்விட்டால், எந்தப் பதிவு அலுவலகம், எந்த வருடம், எந்த ஆவண எண் என்று சொல்லிச் சான்றிட்ட நகல் கேட்க வேண்டும். அந்த மூன்று விவரமும் தெரியாதவர் வருடக்கணக்கில் ரிஜிஸ்டர்களைத் தேட வேண்டியிருக்கும். ஸ்கேன் கையில் இருப்பவர் ஒரே மனுவில் கேட்டுவிடலாம். 26 எம்பி ஃபைலின் மதிப்பு இதுதான்.

அதனால் ஸ்கேன் செய்ததை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வெளியூரில் என்பது கணக்கு. லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் சித்தப்பா வீட்டில் ஒன்று. ஃபைல் பெயரில் 'ஸ்கேன் 1', 'ஸ்கேன் 2' என்று விடாமல், ஆண்டு-மாதம்-நாள், என்ன ஆவணம், யார் பெயர் என்று எழுதுங்கள். மூல ஸ்கேனை 'பிஎன்ஜி' வடிவில் வையுங்கள், மற்றவருக்கு அனுப்ப 'பிடிஎஃப்' எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியாக மாட்டிக்கொண்டால்...

கேட்க ஆள் உண்டு. 2012 முதல் 'கணியம்' மின்னிதழ் லினக்ஸ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கமும், சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்களும் இயங்குகின்றன. கேட்கும்போது 'ஸ்கேனர் வரலை' என்று மட்டும் சொல்லாதீர்கள். மாடல் பெயர், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, மேலே சொன்ன இரண்டு கட்டளைகளும் என்ன காட்டின என்று நான்கையும் சொன்னால் பதில் சீக்கிரம் வரும்.

இலங்கைத் தமிழர்களின் 'நூலகம்' திட்டம் 2005 முதல் ஆயிரக்கணக்கான நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. 1981-ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது, சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சமூகம் பட்டுத் தெரிந்துகொண்டது.

மேலே சொன்ன துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, அவர் காலத்துக்குப் பிறகு வெகுகாலம் வெளியே தெரியாமல் கிடந்தது. 1846-ல் கலுவா மோன்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு படி எடுத்தார். பிறகு சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. படி எடுக்க ஒருவர் உட்கார்ந்திருக்காவிட்டால், அன்றைய புதுச்சேரியைப் பற்றி இன்று தெரிவதில் பாதி தெரிந்திருக்காது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் சரித்திரம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். அரை மா நிலத்தின் எல்லையும், ஒரு தாத்தாவின் கையெழுத்தும் இருந்தாலே போதும். இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியையும் ஸ்கேனரையும் பரணில் இருந்து சேர்த்து இறக்குங்கள். பக்கத்தில் அப்பாயியையும் உட்காரவையுங்கள். எந்தத் தாள் யாருடையது என்று சொல்ல அவரைவிட்டால் ஆள் இல்லை. அவர் சொல்வதை ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.